மேல்மலைக் கன்று என்று சொன்னாயே

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நிற்கும் முள்ளு மரம் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பூத்து, ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காமல் மேற்படி பூக்கள் அனைத்தையும் தரையில் கொட்டிவிட்டது. இறுதிக் கிரியைகளைக் கோழிகள் சீய்த்து நடத்தின. துக்கம் கொண்டாட உரிமையுள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் நீ, நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பூவைக் கூட்டி அள்ளும்போது கையில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டது. எலுமிச்சைத் தோலோடு மிளகைக் கசக்கியதுபோல. முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் சிரிப்பு வரும். இன்று உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கணக்கப்பிள்ளையின் வெற்றிலையில் ஓடையோரத்து முள்ளு மரத்துப் பட்டையை நுணுக்கி வைத்தோமே, அந்தக் காலையை மறக்க முடியுமா? மரத்தை மென்றால் நாக்கு மரத்துப்போகும் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவர் முத்தம்மாவை "முழ்ழம்மா" என்றார். மொத்தப் பெரட்டும் சிரித்தது. பிடிபட்டவன் நீ மட்டும். "கூட யாருடா இருந்தது?" என்று உன் அப்பா பெல்ட்டால் கேட்டார். நீ என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எதைச் சொன்னாலும் எனக்கு அது சாமி வாக்கு.

உன் அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்பில் முள்ளு மரத்துக் காய்த்தோல் போட வேண்டும். காய்க்கும் மரம் ஒன்றே ஒன்றுதான், அது மேல்மலையில். அங்கே குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபின் மலையைக் கைவிட்டார்கள், தேயிலை காடாகிப்போனது. விதை போட்டால் லேசில் முளைக்காது. வேரிலிருந்து கிளம்பும் கன்றைத் தோண்டி வந்து நட்டால்தான் உண்டு. நான் மண்வெட்டியோடு நின்றேன். நீ தடுத்தாய்.

"நீ வேணான்டா. ரெண்டு பேரு போனா குளவி கெளம்பிரும். நா மட்டும் போறேன்."

மத்தியானம் கையெல்லாம் கீறலோடு, சாக்கில் சுற்றிய கன்றோடு வந்தாய். "மேல்மலைக் கன்றுடா மச்சான். குளவிக்கு டாட்டா காட்டிட்டு வந்தேன்." லயம் முழுக்க உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். உன் அம்மா திருஷ்டி கழித்தார். கன்றைப் பீலிக்கரையில் நட்டோம்.

பிறகு நீ குருவிட்ட ஊர்ப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டும் குழியில் தண்ணீர் இறைக்கப் போனாய். எலிக்காய்ச்சலோடு வந்தாய். அவ்வளவுதான். கருமாதி முடிந்த அன்று, ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், "அத்தை, மரம் காய்ச்சதும் மொதக் கைப்பிடி ஒங்களுக்குத்தான்" என்று சொன்னேன். அன்றைக்கு அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார். அன்றிலிருந்து தண்ணீருக்கு வரும்போதெல்லாம் குடத்தை வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்.

பூ கொட்டியபோது, கீழ் கிராமத்திலிருந்து மருந்துக்குப் பட்டை உரிக்க வரும் சிங்கள மாத்தயாவிடம் ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மல்லி, மேக பிரிமி கஹக் நே!" ஆண் மரமாம். பூக்கும், காய்க்காது. வேர்க்கன்று தாய்மரம் எதுவோ அதுவாகத்தான் வருமாம். மேல்மலை மரம் காய்க்கிற மரம். காய்க்காத மரம் ஒன்று கோயிலுக்குப் பின்னால் ஓடையோரம் நிற்கிறது. அப்படியானால் நீ மேல்மலைக்குப் போகவே இல்லை. ஓடையில் மத்தியானம்வரை குந்தியிருந்து, அங்கேயே தோண்டி, அங்கேயே கீறிக்கொண்டு வந்திருக்கிறாய்.

பொய் சொன்னதற்காக நான் கோபிக்கவில்லை, மச்சான். பொய் நம் குலத்தொழில். ஆனால் மற்ற எல்லாப் பொய்யையும் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம். இது ஒன்றை மட்டும் நீ தனியாகச் சொன்னாய், அதுவும் எனக்கு. பயமாயிருக்கு என்று சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனே! விசிலடித்துக்கொண்டே ஏறியிருப்பேன். குளவிக்கூட்டுக்குக் கீழே நின்று காது குடைந்திருப்பேன். உன்னைப் போல நான் பயந்தாங்கொள்ளியா?

நேற்று உன் அம்மா கேட்டார். "பூத்துக் கொட்டிருச்சே, இனிமே காய் வந்துரும்ல?" ஆண் மரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முள்ளுக்கு இடையில் கை வைத்து அடிமரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "வரும் அத்தை" என்றேன்.

சொல்லிவிட்டேன் அல்லவா? அதனால் இன்று காலை உண்மையான கன்று எடுக்க மேல்மலைக்குப் புறப்பட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்காமல் கேள். கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம்வரை போனேன். எங்கோ "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். குளவியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. திரும்பி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று அங்கேயே கிடக்கிறது, மண்வெட்டியும்தான். உடனே வீட்டுக்குப் போனால் கேட்பார்கள் என்று ஓடைக்கரையில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

பீலியடியில் உன் அம்மா பிடித்துக்கொண்டார். "எங்கடா போய்ட்டு வர்ற, ஒத்தச் செருப்போட?"

"மேல்மலைக்கு அத்தை" என்றேன். "அங்கன மரம் நல்லா காய்ச்சிருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது, மச்சான். நீ கன்று கொண்டுவந்த அன்றைக்கு உன்னைப் பார்த்து மலர்ந்ததுபோலவே. அந்த முகத்துக்கு எதிரே நின்று வேறு எதைத்தான் சொல்வது? உன்னையும் இப்படித்தான் மாட்டிவிட்டதா?