வெத்தலையம்மாவின் கரண்டகம்

அன்பு மச்சான் பாண்டிக்கு,

நீ இருக்கும் இடத்தில் நல்ல வெற்றிலை கிடைக்கட்டும்.

போன வாரம் ஒத்தக்கடை பஸ்ஸில் என் மானம் போனது. சட்டைப் பையில் வைத்திருந்த சுண்ணாம்புக் கரண்டகம் திறந்துகொண்டு, நெஞ்சிலிருந்து வேட்டி வரைக்கும் சுண்ணாம்பு. "என்னண்ணே, வெள்ளையடிக்கிறதப் பாதியில விட்டுட்டு வாரீகளா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ஒழுங்காக மூடத் தெரியாத என் கையைத்தான் திட்டிக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கரண்டகம்தான். வெற்றிலை மென்றபடி குறி சொல்லி, வைகை வெள்ளத்தை முன்கூட்டியே அறிவித்த வெத்தலையம்மாவின் கோயில் திருவிழாவில் உன் பாட்டனார் வாங்கியது. மூடியில் அவள் முகம் தேய்ந்து, மூக்கும் மூக்குத்தியும்தான் மிச்சம். நீ கண்ணை மூடிய பிறகு உன் தங்கச்சி எடுத்து வந்தாள்.

என் மகள், உன் மருமகள் மலருக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரே பேச்சு. கடைசியில் அவளே, "வெத்தலையம்மாகிட்டயே கேட்டுருவோம்ப்பா. என்ன வந்தாலும் கட்டுப்படுறேன்" என்றாள்.

வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. காலையில் சுண்ணாம்பை நிரப்பி அவள் காலடியில் வைக்க வேண்டும். உச்சிப் பூசை முடிந்ததும் வைத்தவர் மட்டும் திறந்து பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் செய்யலாம், காய்ந்திருந்தால் வேண்டாம். கோயில் வாசலில் புதுச் சுண்ணாம்பு வாங்கி நிரப்பி வைத்தேன்.

திறந்தால், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசு துள்ளியது. பிள்ளை வீட்டோடு இருந்துவிடுவாள்!

அப்புறம்தான் மூடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் நெளிந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பஸ்ஸில் நசுங்கி நெளிந்ததோ என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இல்லை, நெளிவுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்புட்டுப் பழசு. இதில் வைத்த எந்தச் சுண்ணாம்பு மச்சான் நம்ம ஊர் வெயிலில் ஈரமாக இருக்கும்?

எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று இதே கரண்டகத்தை நீ வைத்ததும் சித்திரை மாசம்தானே? பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன், வேலையும் இல்லாதவன் நான். நீ வெளியே வந்து, "ஈரமா இருக்கு மாப்ள, அம்மாவே சொல்லிட்டா" என்றாய். உன் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கு உள்ளே என்னதான் பார்த்தாய்? இத்தனை வருஷத்தில், சண்டை போட்ட நாளில்கூட, ஒரு வார்த்தை வாய் தவறவில்லையே!

வாசல்படியில் மலர் எழுந்து நின்றாள். "என்னப்பா சொன்னா?"

"ஈரமா இருக்கு. போகச் சொல்லிட்டா."

"நெசமாவா? இம்புட்டு வெயில்லயுமா?"

"அம்மாவையே சந்தேகப்படுறியா? போ, கெளம்புற வேலையப் பாரு."

அந்த மூடியை நான் நிமிர்த்தப் போவதில்லை மச்சான், இது சத்தியம். அடுத்து இதைத் திறப்பவர்களும் அவர்களாகவே முடிவு செய்யட்டும்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன்: போகாத ஆத்தா, ஒன்னைய விட்டுட்டு இருக்க இந்த அப்பனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்ட
மாப்ள