பஸ் செய்தி திரைக்கு வந்த மாலை

தம்பி,

இன்று காலை மொபைலுக்கு வந்த ஒரு தகவலில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருந்தன. இப்போது அது அபூர்வம். நீ இருந்திருந்தால் உனக்கு அனுப்பிச் சிரித்திருப்பேன்.

அப்போதெல்லாம் பெரம்பலூர் ஆபீசில் நான் நிருபர். பேப்பரின் இணையப் பக்கம் உன் பொறுப்பு. நான் அடிக்கும் எழுத்துரு வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களில் தெரியாது. அங்கேயும் தெரியும்படி அதை மாற்ற நீயே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாய். எந்த எழுத்துக்குப் பதில் எது என்ற அட்டவணையைப் பார்த்து அது மாற்றும். யார் பக்கத்தைத் திறந்தாலும் சர்வரிலுள்ள ஸ்கிரிப்ட் என்ற சின்னக் கட்டளைக் கோப்பு அந்தப் புரோகிராமை ஓட்டும்.

அந்த மழைநாளில் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போன பஸ் வெள்ளத்தில் சிக்கியது. அந்தச் செய்தியைக் காலையிலேயே இணையத்தில் போட்டுவிட்டோம். மாலையில் நனைந்தபடி வந்து, அத்தனை பேரும் பிழைத்தார்கள் என்று அடித்தேன். பக்கம் வெறுமையாக வந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் டெலிபோன்கள் வேலை செய்யவில்லை. வளைகுடாவிலிருந்த உறவுக்காரர்கள் காலைச் செய்தியோடு நின்றிருந்தார்கள்.

“என்னப்பா பண்ணே?”

“மதியம் புரோகிராமையும் அட்டவணையையும் சர்வர்லயே தனி டைரக்டரிக்கு, வேற ஃபோல்டருக்கு மாத்தினேன் அண்ணே. வெளியாளு எடுத்துடக் கூடாதுல்ல.”

“இப்ப நம்மாளே எடுக்க முடியலையே!”

புரோகிராமை நீ நேரே ஓட்டினால் ஓடியது. ஸ்கிரிப்ட் ஓட்டினால் ஒன்றுமில்லை. கோப்பைத் திறக்கும் அனுமதிகளைப் பார்த்தாய், புரோகிராம் இருக்கும் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டில் எழுதிப் பார்த்தாய். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, “நான் ஓட்டுறப்ப அந்த டைரக்டரிக்குள்ள நிக்கிறேன் அண்ணே. ஸ்கிரிப்ட் தன் இடத்துல நின்னுக்கிட்டே கூப்பிடுது. புரோகிராமும் எழுத்து அட்டவணையை ஸ்கிரிப்ட் நிக்கிற இடத்துலயே தேடுது, அது அங்க இல்லையே” என்றாய். முதலில் அந்த டைரக்டரிக்குப் போ, பிறகு ஓட்டு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாய். செய்தி முழுசாக வந்தது. நான் நாலு தடவை திறந்து பார்த்தேன்.

சற்று நேரத்தில் குவைத்திலிருந்து போன். ஜெயங்கொண்டம் பக்கத்து வரதராஜன்பேட்டைக்காரர், குவைத்தில் டிரைவர்.

“பொண்டாட்டியும் புள்ளையும் அந்த பஸ்லதான் சார். காலையிலேருந்து அடிக்கிறேன், லைனே கிடைக்கல. இப்ப பேப்பர்ல பாத்துட்டேன்.”

பிறகு, “சரிங்க, நான் போயி சாப்பிடறேன்” என்று வைத்துவிட்டார்.

உன்னிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாமளும் சாப்பிடலாம் அண்ணே, பரோட்டா கடை மூடிடுவான்” என்றாய்.

இன்றும் செய்தி அனுப்பியதோடு நான் எழுந்துவிடுவதில்லை. மற்றவர்களுக்கும் தெரிகிறதா என்று வெளியே போய் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்கிறேன். “உங்க செய்தியை நீங்களே படிக்கிறீங்களா சார்?” என்று கடைக்காரர் கேலி செய்கிறார். கேலி செய்யட்டும் என்று முழுவதும் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.