ஓடைக்கு இந்தக் கரையில்

இன்று காலை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் புதிதாகத் தார் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தியும் வாசனை உள்ளே வந்துவிட்டது. தார் வாசனை வந்தால் மற்றவர்கள் தலைவலி என்பார்கள்; நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவீர்கள். நம் மகள் நிலா ஒருநாள் காரணம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல கண்ணு" என்றீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வரும் முதல் தார் வாசனை இது. காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்த உங்களுக்கு மேற்கு டெக்சாஸில் மாக்கல் வெட்டும் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்தபோது நிலா கைக்குழந்தை. அமெரிக்கா என்றதும் நான் உயர உயரமான கட்டடங்களை நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் முள்செடி, மண், தூரத்தில் மொட்டை மலை. நமக்குக் கொடுத்த வீட்டிலிருந்து தார் ரோட்டைத் தொடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் மண் பாதையில் போக வேண்டும். துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருக்கும் அந்தப் பாதை. "மெதுவாப் போனாத்தான் ஆட்டும். கொஞ்சம் வேகம் புடிச்சா மெதக்கும், பாரு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவீர்கள். வழியில் பண்ணைக்காரர்களின் கம்பிக் கேட்டுகள். மாடு வெளியே போகாமலிருக்க ஒவ்வொன்றையும் நான் இறங்கித் திறந்து, கார் தாண்டியதும் சாத்திவிட்டு ஓடிவர வேண்டும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பின்சீட்டில் நிலா கைதட்டுவாள்.

அப்போது நாம் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹூஸ்டனுக்குப் போய், ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் புழுங்கலரிசியும் புளியும் வாங்கி வருவோம். திரும்பும்போது அரிசி மூட்டை மேல் விரல் கனத்துக்குப் புழுதி படிந்திருக்கும். பாதையில் எங்காவது காரை நிறுத்தி, பானெட்டில் வைத்துத் தயிர்சாதம் சாப்பிடுவோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இருக்க மாட்டார். "பாடேன், யாரு கேக்கப்போறா?" என்பீர்கள். கல்யாணமான புதிதில்கூட உங்கள் முன்னால் பாடாத நான் அங்கே பாடினேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆகஸ்ட். நிலாவுக்கு ஆறு வயது, எனக்கு ஏழாம் மாதம். டவுனில் டாக்டரிடம் செக்கப்புக்காகப் புறப்பட்டோம். பாதி வழியில் எனக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. சொன்னதும் வேகத்தைக் குறைத்தீர்கள், பிறகு கூட்டினீர்கள், மறுபடியும் குறைத்தீர்கள். "எப்படிப் போனா உனக்குத் தேவலை?" என்று கேட்டீர்கள்.

பாதையின் குறுக்கே வரும் அந்த ஓடை எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். அதில் இறங்கி ஏறுவதே தெரியாது. அன்று மலைப்பக்கம் எங்கோ பெய்த மழை, பழுப்பு நிறத்தில் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. நம் தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. நீங்கள் காரை விட்டுவிட்டு இறங்கி நடந்து பார்த்தீர்கள். இடுப்பளவு வந்ததும் தண்ணீர் காலை இழுத்தது. விழுந்து எழுந்து கரையேறி வந்தீர்கள். அக்கரையில் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்மணிக்கு நீங்கள் கத்தியது எவ்வளவு கேட்டதோ, ஏதோ புரிந்துகொண்டு, போன் பண்ண வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தாள்.

நிலாவை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். "அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வருதான்னு பாத்துக்கிட்டே இரு. இங்க திரும்பாத கண்ணு."

பின்சீட்டில் நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. மயக்கம் தெளிந்தபோது நீங்கள் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டையில் பொதிந்து நெஞ்சோடு அணைத்திருந்தீர்கள். பையன். தண்ணீர் வடிந்து ஆம்புலன்ஸ்காரர்கள் இந்தக் கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் கையை நீட்டியும் நீங்கள் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் உங்கள் மடியிலேயே வந்தான். டவுன் கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக அவனுக்கு இடம் கொடுத்தார்கள். குழி சின்னதாக இருந்ததால் நீங்களே மண்டியிட்டு உள்ளே வைத்தீர்கள்.

நீங்கள் அழவில்லை. "வேற வழியில போயிருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். வேறு வழி கிடையாது என்பது நம் இருவருக்குமே தெரியும். பிறகு நீங்கள் கம்ப்யூட்டர் படித்து, சுரங்க வேலையை விட்டு, நாம் இந்த இர்விங் நகரத்துக்கு வந்தோம். இங்கே வந்ததிலிருந்து மண் பாதை எதிலும் நீங்கள் கார் ஓட்டவில்லை. பார்க் ஒன்றுக்குப் பிக்னிக் போனபோது, கடைசிக் கொஞ்ச தூரம் மண்ணாக இருக்கிறதென்று எல்லோரையும் இறக்கி நடக்கவைத்தீர்கள். நண்பர்கள் சிரித்தார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நடந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில், பழைய சுரங்கத்திலிருந்து ஒருவர் போனில் பேசும்போது அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்ட செய்தியைச் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு, "பையனப் பாத்துட்டு வரலாமா?" என்றீர்கள். நிலாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். கல்லறையில் பூ வைத்துவிட்டு அந்த ரோட்டில் திரும்பினோம். கேட்டுகள் இல்லை. புதுத் தாரின் வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, கார் வழுக்கிக்கொண்டு போனது. ஓடைக்கு மேலே சின்னதாக ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டியதே நமக்குத் தெரியவில்லை. ரிவர்ஸ் எடுத்து வந்து நிறுத்தினீர்கள்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தீர்கள். காய்ந்த மணலும் நாலு கல்லும்தான் இருந்தன.

"இவ்வளவுதானா?" என்றீர்கள். "இதத் தாண்ட முடியலயா என்னால?"

நிலாதான் பேசினாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் எப்போதும் இங்கிலீஷில்தான் அவளுக்கு.

"இட் வாஸ் பிக்கர் தட் டே, அப்பா. யூ டோல்ட் மீ டு வாட்ச். ஐ வாட்ச்ட் த ஹோல் டைம்."

அப்போதுதான் அழுதீர்கள். அவள் உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஐந்து வருஷமும் நான் எவ்வளவோ சொல்லியிருந்தேன், உங்களுக்கு ஏறவில்லை. அந்தத் தண்ணீரைக் கண்ணெடுக்காமல் பார்த்தவள், அன்றைக்கு ஓடை பெரிசு என்று சொன்னதும் ஏறிவிட்டது.

திரும்பும் வழியில் நிலா தூங்கிப்போனாள். அதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"அவன் அழுதானா?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். "அழுதான். மொதல்ல விக்கல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. அப்புறம் ஒரே ஒரு சத்தம், மெல்லிசா. நிலா பொறந்தப்ப அழுதாளே, அதே குரல்."

பெற்ற நான் அதைக் கேட்கவில்லை. மேட்டில் நின்ற நிலாவுக்குத் தண்ணீர் இரைச்சலில் எட்டவில்லை. கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், இப்போது நீங்களும் இல்லை. சில காலைகளில், படுக்கையை விட்டு எழும் முன், நீங்கள் சொன்னபடியே அதைக் கேட்டுப் பார்க்கிறேன். முதலில் விக்கல் வருகிறது. பிறகு மெல்லிசாக அந்தக் குரல்.