பால்கனியில் நீ உட்கார்ந்த மதியம்

இன்று காலை விழுப்புரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் பழைய சுண்ணாம்புத் தூசியின் வாடை மூக்கில் ஏறியது. நம் தியேட்டரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்சுவர் போய்விட்டது; பால்கனி மட்டும் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் மனமில்லை. தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நீ இறந்துபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லையே, இதை யாரிடம் சொல்வது?

முதலில் அது நாடகக் கொட்டகை. அரிசி ஆலைக்காரர் ஒருவர் கட்டினாராம். சுண்ணாம்பு அரைத்தவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். பிறகு சினிமா வந்தது, தேக்குக் கைப்பிடி வைத்த பால்கனி வந்தது. கடைசியில் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கும் கிடங்கானது. "எங்க தாத்தா கட்டின பில்டிங்கு. ஒரு நாளாவது மேல உக்காந்து பாக்கணும்டி" என்பாய். திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில், ஒரு மதியக் காட்சிக்கு இருவரும் பால்கனி டிக்கெட் எடுத்தோம்.

படம் தொடங்குமுன் பின்வரிசையிலிருந்து என் சித்தப்பா எழுந்து வந்தார். நீ எங்கள் ஊர்க் காலனிப் பெண், உன் அம்மா எங்கள் நிலத்தில் களையெடுப்பவர் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் கீழ பெஞ்சு இருக்குதே. எழுந்து போ."

"பால்கனிக்குத்தாங்க டிக்கெட்டு வாங்கிக்கினு வந்திருக்கேன். படம் முடிஞ்சதும் போறேன்" என்றாய். குரல் உயரவில்லை. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாய்.

மேனேஜர் ஓடிவந்து, "பேஜாரு பண்ணாதம்மா" என்று கெஞ்சினார். நீ எழவில்லை, நானும் உன்னை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்தவர்கள் பொறுமையிழந்து, "படத்தப் போடுய்யா!" என்று விசிலடித்தார்கள். விளக்குகள் அணைந்தன. சித்தப்பா வெளியே போய்விட்டார்.

மறுநாள் வீட்டில் என் படிப்பை நிறுத்தினார்கள். உன் அம்மாவையும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அப்படியும் நீ எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டாய்.

"பரீட்சை வருதுங்க. கோவம்னா என்னோட வெச்சிக்கங்க. அவள அனுப்புங்க."

அப்பா உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவரே என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். உன் அம்மாவைத் திரும்பக் கூப்பிடத்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அவர் விக்கிரவாண்டி ஓட்டலொன்றில் பாத்திரம் கழுவப் போனார். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்றும் என்னை நிம்மதியாக இருக்கவிடாமல் அலைக்கழிக்கிறது.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியாது. யாராவது திரும்பி வந்துவிடுவார்களோ என்று கதவையும் உன்னையுமே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்து, அழவேண்டிய இடத்தில் மூக்கை உறிஞ்சி, படம் முழுவதையும் பார்த்தாய். திரை வெளிச்சம் விழுந்த அந்த முகத்தை யாராலும் இடிக்க முடியாது. அது என்னிடம் இருக்கிறது.