போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாத இடம்

இன்று காலை செய்தித்தாளை உதறியபோது மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டுச் சீட்டு மடியில் விழுந்தது. பெருங்களத்தூரில் புதிதாகத் திறந்திருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் விளம்பரம். 'எத்தனை நாளைக்கு எதற்கெடுத்தாலும் கோ, கோ என்பீர்கள்?' என்று கொட்டை எழுத்தில் கேட்டிருந்தார்கள். கீழே மாதிரிக்குச் சில சொற்கள்: லீவ், டிபார்ட், ப்ரொசீட், வித்ட்ரா. மை வாசனை இன்னும் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் காட்டலாம் என்று திரும்பினேன். பழக்கதோஷம். சுவர்தான் இருந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நீ குடியிருந்தாய். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகும் தெருவில், தன் வீட்டின் பின்பக்கத்தை இரண்டாகத் தடுத்து நம் இருவருக்கும் வாடகைக்கு விட்டிருந்தார் ஹவுஸ் ஓனர் அம்மா. எண்பதுகளின் கடைசி. நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். நீ கேளம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா இல்லாத வீட்டை உன் சம்பளத்தில் நிமிர்த்திக்கொண்டிருந்தவள். கேட்க நாதியில்லாத இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வேலைக்குக் கிளம்புகிறவள் மற்றவளின் ஜன்னலைத் தட்டி "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். உள்ளிருந்து "வா" என்று குரல் வரும்வரை நகரக் கூடாது. எட்டு மணி ரயிலை இதற்காகவே பலமுறை கோட்டைவிட்டிருக்கிறேன். ஒரு நாள் அவசரத்தில் "போறேன்டி" என்று கத்திவிட்டு ஓடினேன். கிணற்றடியிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, காலங்காத்தால போறேன் போறேன்னுகினு! போய்ட்டு வரேன்னு சொல்லு, வாய்ல முள்ளா கீது?"

அந்த வழக்கம்தான் உன் முதல் இன்டர்வியூவைக் கவிழ்த்தது. வளைகுடா ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நுங்கம்பாக்கத்தில் ஓர் ஏஜென்சிக்குப் போயிருந்தாய். புண் கட்டுவது, ஊசி போடுவது என்று கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னாயாம். எல்லாம் முடிந்து எழுந்தவள், கும்பிடு போட்டு, "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்றிருக்கிறாய். வெளிநாட்டு டாக்டர் திகைத்துப்போய், எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். நீ நம்பவில்லை. அன்று சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாய். "என்னியப் பாத்து சிரிச்சாங்கடி. பெரியவங்க கைல சொல்லிக்காம எப்டி எயுந்து வர்றது?"

அடுத்த வாரமே பாடம் தொடங்கியது. கம்பெனி அகராதியைக் கடன் வாங்கி வந்தேன். விடுமுறை நாட்களில் ஏரிக்கரையில் நான் டாக்டராக உட்கார்ந்திருப்பேன், நீ எழுந்து விடைபெற வேண்டும். டிபார்ட் ரயிலுக்குத்தான் ஆகும், மனிதர்கள் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும் என்றேன். ப்ரொசீட் எங்கள் மேனேஜரின் மெமோவில் மட்டும் வாழ்கிற சொல் என்றேன். நீயும் சும்மா இருப்பாயா? வார்டிலிருந்து உன் பங்குக்குக் கொண்டுவந்தாய். சரியாகிப் போனால் டிஸ்சார்ஜ்டு. சொல்லாமல் ஓடிப்போனால் ஆப்ஸ்காண்டட். செத்துப்போனால் எக்ஸ்பயர்ட். "மாத்திரைக்கும் மன்சனுக்கும் ஒரே வார்த்தையாடி? கை வர மாட்டேங்குது எய்தறதுக்கு" என்று முகத்தைச் சுளித்தாய்.

வெறும் "ஐ ஆம் லீவிங் நவ், தேங்க் யூ" போதும் என்று நான் தலையால் தண்ணீர் குடித்தேன். உன் வாயில் அது நுழையவில்லை. லீவிங் என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுவாய். "சொன்னா அப்டியே போய்டுவேன் போல கீதுடி."

"அப்போ ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போற நோயாளிகிட்ட என்னதான் சொல்வே? போயிட்டு வாங்கன்னா?"

"ஐயே! அங்க போய் வாங்கன்னா அடிக்க வருவாங்க. மறுபடி படுக்க வரணுமான்னு கேப்பாங்க. நாங்கல்லாம் நல்லா இருங்கன்னு சொல்லி அனுப்பிடுவோம். அதுக்கு மேல அவுங்களுக்கும் நமக்கும் ஒண்ணியும் இல்ல."

அன்று இருவரும் கரையே அதிரச் சிரித்தோம். ஆனால் நீ தேறிவிட்டால் என் ஜன்னலைத் தட்ட ஆள் இருக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தேன். உன் தம்பிகள் படிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது இன்டர்வியூவில் தேறினாய். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். இவ்வளவு பாடம் படித்தவள் பீற்றிக்கொள்ளவாவது ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். "போய்ட்டு வரேன்டி" என்றாய். "வா" என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தள்ளினேன். நீ சொன்னபடியே வந்தாய். மறுபடி போனாய், மறுபடி வந்தாய். தம்பிகள் ஆளானார்கள். உன் பக்கத்துப் போர்ஷனில் யார் யாரோ வந்து போனார்கள். ஒருவர் ஜன்னலையும் நான் தட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நீ வந்தது விடுப்பில் அல்ல. வயிற்றில் கட்டி. நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், நீ விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். கம்பெனி விட்டதும் பல்லாவரத்தில் ரயிலேறி நேராக உன்னிடம் வருவேன். பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடிக்கும். "போயிட்டு வரேன்டி" என்பேன். கண்ணைத் திறக்காமலே "வா" என்பாய். நாளுக்கு நாள் அந்த "வா" தேய்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் அதைக் கேட்காமல் நான் நகர்ந்ததில்லை.

கடைசிச் சாயங்காலம் உனக்குத் தெளிவாக இருந்தது. கொஞ்சம் கஞ்சி குடித்தாய். என் புடவை சாயம் போய்விட்டது என்று கிண்டல்கூடச் செய்தாய். மணி அடித்தது. வழக்கம்போல் சொன்னேன். நீ என் கையைப் பிடித்து, "நல்லா இருடி" என்றாய்.

கை நன்றாகச் சூடாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பெருங்களத்தூரில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்பது உறைத்தது. பிளாட்பார பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடிவதற்குள் ஆள் வந்து சொல்லிவிட்டார்கள்.

உங்கள் ஊரில் அடக்கம் முடிந்து எல்லோரும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள். எனக்கு மட்டும் கால் நகரவில்லை. உன் கட்டில் கிடந்த அறை ஜன்னலைத் தட்டி "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் அதுவாகச் சொன்னது. உன் பெரியம்மா பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "சாவு வூட்ல அப்டி சொல்லக் கூடாதும்மா. மூச்சு காட்டாத போ." வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கேளம்பாக்கம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது நான் ரிட்டயராகிவிட்டேன். ஹவுஸ் ஓனர் அம்மாவும் இல்லை. பாதி ஏரிவரை வீடுகள் வந்துவிட்டன. காய்கறி வாங்கக் கிளம்பும்போது பூட்டைத் தொட்டுக்கொண்டு சற்று நிற்பேன். பார்க்கிறவர்கள் சாவியை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நல்லா இரு என்றாய். இருக்கிறேன்டி. நல்லா என்பதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். அந்த மஞ்சள் சீட்டையும் மடித்து வைத்திருக்கிறேன், உனக்குக் காட்ட. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. மெதுவாகத்தான் வருவேன். ஆனால் உன் பெரியம்மா அன்று தடுத்ததை, அன்று வாய் தவறிச் சொன்னதை, இன்று தெரிந்தே சொல்கிறேன்.

போயிட்டு வரேன்டி.