ஒருத்திக்கு எத்தனை ‘அவங்க’

மார்ச் 3

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் வீட்டுக்காரர் பதினோரு முறை ‘அவங்க’ என்றார். எண்ணினேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு சூப்பர்வைசர் ஆசை. அதற்கு ஆங்கிலப் பரீட்சை. பத்து நாளாக மாலை வகுப்புக்குப் போகிறார்.

“தப்பையும் அவங்க சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க.”

“அவங்கன்னா எத்தனை பேருங்க?”

“டீச்சர்தான். ஒருத்தங்க.”

இருபத்திரண்டு வருடமாக நான் ‘அவ’. வாசலில் யார் கேட்டாலும், “அவ கடைக்குப் போயிருக்கா.” பத்து நாள் டீச்சருக்குப் பன்மை!

மார்ச் 5

இங்கிலீஷில் ‘அவங்க’வுக்கு என்னவென்று மகளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“ஒரு பொம்பளைன்னா ஷி, பல பேருன்னா தே. முன்னாடி வர்ற பேருக்குப் பொருந்தணும்மா.”

தையற்காரிக்கு இது புரியாதா? சட்டைக்குத் தகுந்த கைதானே வைக்கிறோம். ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மையே கிடையாதாம். டீச்சரும் ஷி, நானும் ஷி. நல்ல பாஷை.

மார்ச் 9

குடை கொடுக்கும் சாக்கில் வகுப்பு வாசலுக்குப் போனேன். மழை இல்லை. டீச்சரைக் கண்ணாலேயே அளவெடுத்தேன். என் வயதுதான், இடுப்பு மட்டும் என் கல்யாணத்து இடுப்பு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? இந்த மனுஷன் என்ன சொல்லி வைத்திருக்கிறார்?

மார்ச் 10

வயிறு எரிகிறது. குழம்பில் காரமும் இல்லை.

மார்ச் 14

அவர் வேலைக்குப் போனதும் அவர் நோட்டை எடுத்து மகளிடம் நீட்டினேன். டீச்சர் புராணமாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பு ‘மை வைஃப்’.

மகள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்: “என் மனைவி டெய்லர். தே தைக்கிற வேகம் யாருக்கும் வராது. தே சிரிச்சா வீடே சிரிக்கும். தே பேசலைன்னா லிஃப்ட் பாதியில நின்ன மாதிரி.”

ஒவ்வொரு ‘தே’யைச் சுற்றியும் சிவப்பு வட்டம். ஓரத்தில், ‘ஒருவர்தானே? ஷி.’ பத்துக்கு நாலு.

சாயங்காலம் கேட்டேவிட்டேன். “ஏங்க, உங்களுக்கு ஷி தெரியாதா?”

அவர் காது சிவந்தது. “தெரியும். உன்னைப் பத்தி எழுதறப்ப ஷி போடக் கை வரல. அவங்களும், ‘எத்தனை மனைவி உங்களுக்கு?’ன்னு ஒரே சிரிப்பு.”

அந்தச் சிரிப்பா அது!

“பரீட்சையில ஷின்னே எழுதித் தொலைங்க,” என்றேன். அடுப்படிக்குப் போய் வெறும் பாத்திரத்தைக் கிளறினேன்.

ஏப்ரல் 2

பாஸ். வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம், “அவகிட்ட இன்னும் சொல்லல,” என்கிறார். அவ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். இருக்கட்டும்.

டீச்சர் சட்டை தைக்கக் கொடுக்க வந்தாங்க. டேப் வைத்துப் பார்த்தேன். அவங்க இடுப்பு என்னுடையதைவிட இரண்டு அங்குலம் அதிகம்.