என் ஆய்வுக் கட்டுரையைத் திரித்துக் காட்டித் தொழிலாளர் பாதுகாப்பு மறுக்கப்படுவது குறித்து

அனுப்புநர்
இரா. சத்யப்பிரியா,
உதவிப் பேராசிரியர் (இயந்திரவியல்),
சேரப்பணஞ்சேரி.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம்,
ஸ்ரீபெரும்புதூர்.

பொருள்: வார்ப்புத் தொழிற்சாலையின் கிரைண்டிங் பிரிவில் தூசியை நேரில் அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரகடம் பகுதியில் உலோகத் தூசி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவள் நான். தூசி உறிஞ்சும் விசிறி ஓடினால் அளவு வரம்புக்குள் இருக்கும், நின்றால் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்பதே அதன் முடிவு.

2. பின்னர் வந்த ஒரு கட்டுரை முதல் பாதியை மட்டும் எடுத்து, "தூசி வரம்புக்குள் உள்ளது" என்று என் பெயரைச் சான்றாகக் காட்டியது. அடுத்தடுத்து எழுதியவர்கள் என் கட்டுரையைத் திறந்துகூடப் பாராமல் அதே வரியை எடுத்தாண்டனர். மேற்கோள்கள் பெருகியதற்காகக் கல்லூரி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. மேடையில் மகிழ்ச்சியோடு நின்றேன். அதை நினைத்தால் இன்று உடல் கூசுகிறது.

3. என் பக்கத்து வீட்டுத் தாவீது, ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டிங் பிரிவில் பணிபுரிகிறார். பழுதான விசிறியைச் சரிசெய்யக் கேட்டபோது, நிர்வாகம் அக்கட்டுரைகளைக் காட்டி மறுத்துவிட்டது. அவர் மனைவி கனகம் என் வாசலில் நின்று கேட்டதை அப்படியே தருகிறேன்: "அக்கா, தூசியால ஒண்ணும் ஆவாதுன்னு நீதான் எழுதிக் குடுத்தியாமே? அவரு இருமிக்கினே கீறாரு."

4. பிழையாக மேற்கோள் காட்டிய முதல் ஆசிரியருக்கு எழுதினேன். "மேற்கோள் கூடினால் உங்களுக்கும் நல்லதுதானே" என்று பதில் வந்தது. ஆய்விதழ்களுக்கு அனுப்பிய திருத்தக் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன. அவை முடியும்வரை தாவீது மூச்சுவிடாமல் இருக்க முடியாது.

5. ஆகவே, தாங்கள் முன்னறிவிப்பின்றி அப்பிரிவைப் பார்வையிட்டுத் தூசியை அளக்கவும், விசிறி சீராகும்வரை அங்கு வேலையை நிறுத்தவும், தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை நடத்தவும் ஆணையிட வேண்டுகிறேன். தொழிற்சாலையின் முகவரியையும் என் முழுக் கட்டுரையையும் இணைத்துள்ளேன். எந்த விசாரணையிலும் நிர்வாகத்தின் முன்னிலையில் சாட்சி சொல்ல வருவேன்.

6. இம்மனுவைத் தாவீதுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டு வாங்கினார்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
இரா. சத்யப்பிரியா
ம. தாவீது

இடம்: சேரப்பணஞ்சேரி
நாள்: 11.08.2025